துண்டு வீசக் கூடாத வருஷம்

1937 மே 3

ஏரிக்கரையில் நின்று ஈ ஓட்டியதற்காக இன்றைக்கும் என் வீட்டுக்காரர் அவர் அம்மாவிடம் திட்டு வாங்கினார். ஊருக்கே கவுண்டர், ஆனால் மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டக் கூடாதாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். கோடையில் ஏரி வற்றி நடுக்குழியில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது, ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கும். யாரும் முந்தக் கூடாது. எங்கள் வீட்டு ஆண்பிள்ளை கரைமேல் நின்று தோள் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசிக் காட்ட வேண்டும். வீசிவிட்டால் அப்புறம் யார் தடுத்தாலும் நிற்கமாட்டார்கள். போன வருஷம் வரை மாமனார் வீசினார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் இந்த வருஷம் இவர் முறை. இவருக்கோ கை சும்மா இருக்காது. துண்டால் விசிறுவார், முறுக்குவார், காக்காய் ஓட்டுவார். இவர் கரைமேல் ஏறினாலே ஊர்க் கண் அத்தனையும் துண்டின் மேல்தான்.

"கையைக் கட்டிக்கிட்டு நில்லேஞ் சாமி. உங்கப்பா மூஞ்சில குளவி உக்காந்தப்பக்கூடத் துண்டைத் தொடல" என்றார் அத்தை.

குளவி கொட்டிற்றா என்று கேட்டேன். கொட்டிற்றாம்.

மே 9

வீசினார். நன்றாகத்தான் வீசினார். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. கல்யாணமாகி நாலு மாதத்தில் ஊர் முன்னால் புருஷனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்த மருமகள் நான் ஒருத்திதான் என்று நாளைக்குப் பேசுவார்கள். பேசட்டும்.

நான் காவிரிக்கரைக்காரி. மோகனூருக்கு மேற்கே எங்கள் ஊர். மீன் என்றால் பாதித் தூக்கத்திலும் எழுந்து உட்காருவேன். பெரிய சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, புளி கரைத்து, மிளகாய் அரைத்து வைத்துவிட்டுத்தான் கரைக்குப் போனேன். வந்தது என்ன? ஒரு கை அயிரை. விரல் நீளத்தில் நாலு கெளுத்தி.

எங்கள் காட்டில் வேலை செய்யும் பொன்னாயிதான் ஊத்தா போடுவதில் ஊருக்கு முதல். ஊத்தா என்பது அடியில்லாத கூடை. சேற்றில் கவிழ்த்து, மேல் துவாரத்தில் கையை விட்டு மீனைத் துழாவி எடுக்க வேண்டும். அவளுக்கே இவ்வளவுதான். "இதைப் போட்டுக் கொழம்பு வெச்சா கொழம்புதானுங்க ஆத்தா மீனைத் திங்கும்" என்றாள்.

வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே வருகிறதாம். குஞ்சு, சினை என்று ஒன்றுவிடாமல் துழாவி எடுத்தால் வேறு எப்படி இருக்கும்?

மே 10

அவர் மீன் தின்னமாட்டார். நேற்றும் மோர்ச்சோறுதான். ஏன் என்று அத்தையிடம் கேட்டேன். அத்தைக்கு ஒரு கதை சொல்ல ஆள் கிடைத்தால் போதும்.

"இவனை வயித்துல சொமந்த வருசம் ஏரிக்குள்ளயே யாரும் எறங்கல கண்ணு. பொண்டாட்டி மாசமா இருக்கறப்பப் புருசன் உசுரெடுக்க உத்தரவு குடுக்கலாமா? செல்லாதுன்னுட்டாங்க. ஊரே மீனில்லாம என்னைத் திட்டித் தீத்துது. அன்னிக்குத் தப்பிச்ச மீனெல்லாம் இவன்கிட்டச் சத்தியம் வாங்கிருச்சோ என்னமோ."

சிரித்தேன். அதற்கு அடுத்த வருஷம் மீன் எப்படி இருந்தது என்று சும்மாதான் கேட்டேன்.

"அத ஏன் கேக்கற. ஒவ்வொண்ணும் தொடை தண்டி."

சிரிப்பு நின்றுவிட்டது. பால் பொங்கி வழிந்தது, அதையும் பார்க்கவில்லை.

மே 11

அவரிடம் சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் அம்மன் படித்துறைக்குக் கீழே ஒரு மடு உண்டு. ஆழம். அதில் யாரும் வலை போடமாட்டார்கள். அங்கே பெருகுகிற மீன்தான் மேலேயும் கீழேயும் போய் எல்லார் வலையிலும் விழுகிறது. இங்கேயும் ஒரு கோடை குழியைத் தொடாமல் விட்டால் என்ன? குழியை ஆழமாக வெட்டினால் தண்ணீரும் நிற்கும், வண்டல் மண்ணும் காட்டுக்கு ஆகும்.

மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டார். "நல்லாத்தான் இருக்குது. சொன்னா அடிக்க வருவாங்க."

"ஊர்க் கவுண்டரையுமா?"

"மொதல்ல அவனைத்தான் அடிப்பாங்க."

மே 23

கோயிலடியில் ஊர் கூடிற்று. அடிக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக்கொண்டார்கள்.

நான் சொன்னதையெல்லாம் தன் யோசனை போலவே சொன்னார். தொண்டையைக் கனைக்க வேண்டிய இடம்கூட நான் சொன்ன இடம்தான். வண்டல் என்றதும் பாதிப்பேர் தலையாட்டினார்கள். பங்காளி சென்னிமலைதான் எழுந்தார். இவருக்கு ஒரு வயது இளையவர், எனக்குக் கொழுந்தன் முறை, அண்ணன் பெண்டாட்டி என்று என்னை நங்கை என்பார். அந்தத் துண்டு தன் தோளில் இருந்திருக்க வேண்டும் என்று அவருக்கு எப்போதுமே ஓர் எண்ணம்.

"மீன் திங்காதவனுக்கு என்னப்பா? வருசம் முச்சூடும் விரதம்னுகூடச் சொல்லுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். தூரத்தில் பெண்களோடு நின்ற நானும் சிரித்துவிட்டேன், தப்புதான். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரும் கேட்காமலே சொன்னார்: "வார கோடை யாரும் எறங்க வேண்டாம். அதுக்கு அடுத்த கோடைல முழங்கை நீளத்துக்கு மீனில்லீன்னா இந்தத் துண்டைச் சென்னிமலை தோள்லயே போட்டுர்றேன்."

ஐயோ. வாயைப் பொத்த நான் பக்கத்தில் இல்லையே. மாமனாருடைய துண்டு. ஆட்டையாம்பட்டித் தறியில் நெய்த சிவப்புக் கரைத் துண்டு. அத்தை அதைத் தன் கையால்தான் துவைப்பார். என் பேச்சைக் கேட்டு அதை ஏரி மீனுக்குப் பந்தயமாக வைத்துவிட்டார்.

பயமாக இருக்கிறது. ஆனால் ஒரு மாதிரி சந்தோஷமாகவும் இருக்கிறது. என் பேச்சைக் கேட்டுத்தானே.

ஜூன் 14

வண்டல் வெட்டு முடிந்தது. குழி இப்போது ஓர் ஆள் ஆழம். சென்னிமலைதான் எல்லாரையும்விட அதிக வண்டி மண் அடித்தார்.

நவம்பர் 5

தலைதீபாவளிக்கு எங்கள் ஊருக்குப் போய்த் திரும்பினோம். சீர் என்ன வேண்டும் என்று இவரையே கேட்கும்படி அப்பாவிடம் சொன்னேன். இவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "உசுரோட மீன் கெடைக்குங்களா" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

நாலு மொடாப் பானையில் காவிரித் தண்ணீரும் விரால், கெண்டையும். காளியப்பன் வண்டி ஓட்டினான். வழியெல்லாம் இவர் மொடாக்களுக்கு நடுவே குந்தியபடி, கையால் தண்ணீரை அளைந்து அளைந்து விட்டுக்கொண்டே வந்தார், மீனுக்கு மூச்சு முட்டக் கூடாதென்று. புது வேட்டி கரண்டைக்கால் வரை நனைந்து போயிற்று. ஒரு கெண்டை துள்ளி என் மடியில் விழுந்தது. கத்தினேன். "பாத்து, பாத்து" என்றார். என்னைச் சொல்கிறார் என்று நினைத்தேன். மீனைச் சொன்னார்.

ஊருக்குள் வந்ததும் சீர் பார்க்கப் பெண்கள் கூடிவிட்டார்கள். முறுக்கோ அதிரசமோ என்று மாரக்காள் முதல் மொடாவின் துணியை அவிழ்த்தாள். அவள் முகத்தில் விரால் வாலால் அடித்தது. இதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மழை நன்றாகப் பெய்திருக்கிறது. ஏரியில் தண்ணீர் கரை தொடுகிறது. மீன் எல்லாவற்றையும் அதில் விட்டுவிட்டோம்.

1938 ஜனவரி 22

விரால் குஞ்சு பொரித்துவிட்டது. கரையோரம் தண்ணீரில் ஒரு குங்குமச் சிவப்பு. கூட்டமாக நகர்கிறது, கலைகிறது, மறுபடி சேர்கிறது. பொன்னாயிதான் காட்டினாள். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்குமாம். குஞ்சைப் பார்த்தால் அடியில் தூண்டில் போட்டுப் பெரியதைப் பிடித்துவிடுவார்களாம் வழக்கமாக. பிறகு குஞ்சை மற்ற மீன் தின்றுவிடும்.

"இந்த வருசம் வேண்டாம் பொன்னாயி" என்றேன்.

"நா எங்கீங்க புடிச்சேன். ஆனா ஒண்ணு ஆத்தா. ஏரி இப்பிடியே இருக்கோணும்னா வருசத்துக்கு ஒருக்கா நீங்க மாசமானாப் போதும், இத்தனை ரோசனை வேண்டியதில்லை."

போடி என்று தண்ணீரை அள்ளி அவள்மேல் அடித்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, எல்லாரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பொன்னாயி கேட்டால் மட்டும் கோபம் வருவதில்லை.

ஏப்ரல் 12

வெயில் கொளுத்துகிறது. ஏரி சுருங்கிக் குழிக்கு வந்துவிட்டது. தண்ணீரில் மீன் முதுகு தெரிகிறது. சாதாரண முதுகு இல்லை. பார்க்கும்போது எனக்கே வாயில் எச்சில் ஊறுகிறது, ஊரைச் சொல்லி என்ன?

தினமும் காலையில் குழியைச் சுற்றி ஜனம் நிற்கிறது. சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்கிறார்கள். கையில் ஊத்தா எதற்கு என்றால், வரும்போது வீட்டில் விட்டுவர மறந்துபோயிற்றாம்.

ஏப்ரல் 15

அவர் துண்டில்லாமல் வெளியே போனார். அத்தை திரும்பக் கூப்பிட்டுவிட்டார். துண்டில்லாத கவுண்டனைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? போட்டுக்கொண்டு போனால் கை சும்மா இருக்குமா? கடைசியில் இடுப்பில் இறுக்கிச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு அனுப்பினோம். "வயித்து வலியாண்ணா?" என்று சென்னிமலை கேட்டாராம்.

ஏப்ரல் 27

அம்மா ஊரில் திருவிழா. நாளைக்குப் புறப்படுகிறேன். "முடிச்சை அவுக்காதீங்க" என்றேன். "நீ சீக்கரம் வா" என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 6, அம்மா வீடு

மூன்று நாளாகக் காலையில் குமட்டல். மீன் குழம்பு வாசனை பிடிக்கவில்லை. எனக்கா. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தார். அவள் நாடி பார்த்தாள். சிரித்தாள்.

எழுத வரவில்லை.

மே 8

ஆள் விட்டுச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்கிறார் அம்மா. அதுதான் முறையாம். காலைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும். முதலில் அவருக்கு. அவருக்கு மட்டும்.

எப்படிச் சொல்வது? சாப்பாடு போடும்போதா? வேண்டாம், புரையேறும். மாட்டுக் கொட்டகையில் இருக்கும்போது பின்னால் போய்க் காதோடு சொல்லலாம். மெதுவாக. அவர் திரும்புவதற்குள் ஓடிவிட வேண்டும். கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்த்தேன். வாளிக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

மே 11

மெதுவாகவா. காதோடவா.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காளியப்பன் வண்டியில் வந்தேன். ஊருக்கு வரும் பாதை ஏரிக்கரை மேலேயே வருகிறது. குழியைச் சுற்றி வழக்கம்போல் ஜனம், கையில் ஊத்தா. கரையின் அந்தக் கோடியில் அவர். என் வண்டிக்காக வெயிலில் காத்து நிற்கிறார். நான் வண்டியிலிருந்து கையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அந்த மனுஷன் இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, துண்டை உருவி, தலைக்கு மேலே உயரத் தூக்கி வீசினார். எனக்காக. என்னைப் பார்த்த சந்தோஷத்தில்.

ஜனம் ஒரு கணம் துண்டையே பார்த்தது. பிறகு ஓவென்று ஊரே குழிக்குள் விழுந்தது.

அவர் வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறார். கையில் இருக்கும் துண்டு இன்னும் ஆடுகிறது. அவர் கத்தக் கத்த அது ஆடுகிறது, ஜனம் இன்னும் வேகமாக இறங்குகிறது. போச்சு, எல்லாம் போச்சு, காவிரியிலிருந்து மொடாவில் கொண்டாந்த விரால், மாமனார் துண்டு, அவர் சொன்ன சொல்லு, எல்லாத்தையும் ஒரு கை ஆட்டி நானே கெடுத்துட்டேனே. அப்போதுதான் அத்தை சொன்ன கதை ஞாபகம் வந்தது.

வண்டியில் எழுந்து நின்றேன். கூண்டில் தலை இடித்தது. "துண்டு செல்லாது. நா மாசமா இருக்கறேன்" என்று கத்தினேன்.

யார் காதிலும் விழவில்லை. காளியப்பன் காதில் விழுந்தது. ஊரில் அவன் தொண்டைக்கு ஈடு கிடையாது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நுகத்தடி மேல் ஏறி நின்றான். "எல்லாரும் ஏறுங்க. நம்ம ஆத்தா மாசமா இருக்கறாங்களாமா. துண்டு செல்லாதாமா." சங்ககிரி மலைக்கும் கேட்டிருக்கும்.

முதலில் பொன்னாயிதான் நிமிர்ந்தாள். ஊத்தாவுக்குள் தோள் வரை கை. என்னைப் பார்த்தாள், மெதுவாகக் கையை வெளியே எடுத்தாள், கை வெறுங்கையாக வந்தது. பிறகு ஊத்தாவையே தூக்கிக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள், அவளைப் பார்த்து அடுத்தவள்.

சென்னிமலை மட்டும் இடுப்பளவு சேற்றில், நெஞ்சோடு ஒரு விராலை அணைத்துக்கொண்டு நின்றார். "வீசுனது வீசுனதுதான்" என்றார்.

சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்திருந்தார். "ஏண்டா சென்னிமலை, என்ற வயித்துக்கு ஒரு சட்டம், எம்மருமக வயித்துக்கு ஒரு சட்டமா? அன்னைக்கு உங்கொப்பன்தானே முன்னால நின்னு செல்லாதுன்னான்?"

சென்னிமலை யோசித்தார். அந்த விராலும் யோசிக்கிற மாதிரி சும்மா இருந்தது. பிறகு குனிந்து தண்ணீரில் விட்டுவிட்டு, "முன்னாலயே சொல்லியிருந்தா வேட்டியாச்சும் மிஞ்சியிருக்குமல்லங்க நங்கை" என்று ஏறி வந்தார்.

அவர்? துண்டைத் தூக்கின கையை இறக்கவே இல்லை. அப்படியே நிற்கிறார். மீனுக்கும் தெரிந்து, மாட்டுக்கும் தெரிந்து, கடைசியாகத்தான் அவருக்கு விளங்கிற்று.

மே 12

சில ஊத்தாக்கள் கனமாகத்தான் வீட்டுக்குப் போயின. இரண்டு மூன்று வீடுகளில் நேற்றுக் குழம்பு மணத்தது. நாங்கள் கண்டுகொள்ளவில்லை. மீதி குழியில்தான் இருக்கிறது.

"எனக்கு மொதல்ல சொல்லியிருக்கலாமல்ல" என்றார், மாட்டுக் கொட்டகையில்.

"சொல்றதுக்குத்தானுங்க வந்தேன். நீங்கதான் துண்டை வீசிட்டீங்களே."

ஒரு கை தட்டு அள்ளி மாட்டுக்குப் போட்டார். பிறகு, "இன்னொருக்காச் சொல்லு" என்றார். காதோடு சொன்னேன். மெதுவாக. ஓடவில்லை.

ஜூலை 30

மழை. குழி நிறைந்து வழிகிறது. வரப்பு வாய்க்கால்களிலெல்லாம் கெண்டை ஏறுகிறது. இந்தத் தடவை யாரிடமும் பிடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு இப்போது மீன் வாசனை ஆவதில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம், துணை கிடைத்துவிட்டதாம்.

டிசம்பர் 19, அம்மா வீடு

பெண். கறுப்பாக, கொழுகொழுவென்று. பிறந்ததும் கத்தின கத்தலில் காளியப்பன் தோற்றான்.

1939 ஏப்ரல் 21

குழந்தையோடு ஊர் திரும்பினேன். கரையின் அந்தக் கோடியில் அவர் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரிப்பை மட்டும் கட்ட முடியாமல்.

பொன்னாயி வந்து ஒன்று சொன்னாள். போன வாரம் மதகுப் பக்கம் ஒரு விரால் சேற்றில் மாட்டிக்கொண்டு துடித்ததாம். சென்னிமலைதான் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முழங்கையை மடக்கி அதன் பக்கத்தில் வைத்து அளந்தாராம். அவர் கை பத்தவில்லையாம். பிறகு மீனைத் தூக்கி ஆழத்தில் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். பொன்னாயி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது அவருக்குத் தெரியாது.

மே 7

இன்றைக்கு ஏரியில் இறங்கும் நாள். விடியும் முன்பே குழியைச் சுற்றி ஜனம். எங்கள் ஊர்க்காரர்களோடு பக்கத்து ஊர்க்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சட்டி கழுவி, புளி கரைத்து, எல்லாம் தயார். இவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு துண்டைத் தேடினார். காணோம்.

மாமனார் துண்டு. சிவப்புக் கரை. தேடித் தேடி அடுப்படிக்கு வந்தால், அத்தை அதைத் தரையில் மடித்து விரித்துக் குழந்தையை அதன்மேல் தூங்கப் போட்டிருக்கிறார். பூப்போல இருக்கிற துணி இந்த வீட்டில் இது ஒன்றுதானாம். குழந்தை இரவெல்லாம் அழுது இப்போதுதான் கண் மூடியிருக்கிறாள். கரையை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

நான் ஒரு விரலைப் பிரிக்கப் பார்த்தேன். உதடு பிதுங்கிற்று. விட்டுவிட்டேன்.

வேறு துண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். வெறும் தோளோடு கரைக்குப் போனார். எங்கள் வாசலிலிருந்தே கரை தெரியும், நின்று பார்த்தேன். ஏதோ சொன்னார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பெரிய மீனொன்று குழியில் துள்ளி விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. இதோ இறங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

சென்னிமலை தன் ஊத்தாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"மீனு எங்க போயிருது. புள்ளை எந்திரிக்கட்டும்" என்றார். ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். யாரோ உரக்கப் பேச, பொன்னாயி வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் தூங்குகிறாள்.